மெலிந்த புத்தகங்கள்

புத்தகத்தில் தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அதனால் யாங்கோனில் பபேடான் பேட்டையில் இருந்த அந்த வாடகைப் புத்தகக் கடைக்கு முதல்முறை போன அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடைக்கார அக்கா ஒரு சமையல் புத்தகத்தை விரித்தார். பாதி பிளேடு ஒன்றை எடுத்து வாயால் ஊதினார். நடுவில் ஒரு தாளை அடியோடு அறுத்து எடுத்துவிட்டார். முருங்கைக்காய் நறுக்குகிற மாதிரி அத்தனை சாதாரணமாகச் செய்தார். எதிரில் நின்ற பர்மிய அம்மாள் ஒருத்தி அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஐயோ, சரஸ்வதியை இப்படி அறுக்கிறீர்களே என்று கேட்டேவிட்டேன். அக்கா கோபிக்கவில்லை. இந்த அம்மாள் இந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறபடியே இரண்டு வீசை மீனை ஊறப்போட்டாராம். மூன்றாம் நாள் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டதாம். இனி வேறு யார் வீட்டு மீனும் கெட்டுப்போகக் கூடாது, அதற்குத்தான் என்றார். அறுத்த தாளை நாலாக மடித்து, கடை வாசலில் பயாஜோ சுடுகிற பெண்ணிடம் நீட்டினார். பயாஜோ என்பது நம் பருப்பு வடைதான், பர்மாவுக்கு வந்து பெயரை மாற்றிக்கொண்டது. "பொய் சொன்ன பக்கம் எண்ணெயாவது உறிஞ்சட்டும்" என்றார் அக்கா.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பர்மியர்கள் அவரை சயாமா என்பார்கள், டீச்சரம்மா என்கிற மாதிரி. நம் ஆட்கள் முகத்துக்கு நேரே அக்கா என்றும் முதுகுக்குப் பின்னால் பிளேடு அக்கா என்றும் சொல்வோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கன்னத்தில் எப்போதும் தனாக்கா மரப்பட்டையை அரைத்த பூச்சு காய்ந்து வெடித்திருக்கும். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் தங்கிப்போன குடும்பம். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, பஸ் ஓட்டுகிறவன். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் இரண்டு பேரும் இருந்தார்கள்.

யாங்கோனில் வாடகைப் புத்தகக் கடை என்பது ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று இருந்தது. கதைப் புத்தகம்தான் எல்லாரும் வைத்திருப்பார்கள். அக்கா கதையே வைக்கவில்லை. சமையல், தையல், ஜப்பான் பாஷை, பிள்ளை வளர்ப்பு, பல்வலி, கிழமை ஜோசியம், மோட்டார் ரிப்பேர், கடன் கேட்கிறவனிடம் எப்படி இல்லை என்று சொல்வது, இப்படி எதையாவது செய்யச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம் மட்டும்தான். அதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர் அபிப்பிராயம் சொல்லாமல் அடுத்த புத்தகம் எடுக்க முடியாது. சும்மா நன்றாக இருந்தது என்று சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. நல்லாயிருக்கு என்பது அட்டைக்குச் சொல்கிற வார்த்தை என்பார். "எந்தப் பக்கம் உதவிச்சு? செஞ்சு பாத்தீங்களா?" இந்த இரண்டு கேள்விதான். வாயில் லபெ, அதுதான் பர்மியர்கள் மெல்லுகிற ஊறவைத்த தேயிலை, எப்போதும் அடக்கியிருப்பார். ஆனால் நாம் பதில் சொல்லி முடிக்கும்வரை மெல்ல மாட்டார். கன்னம் உப்பியபடி அப்படியே கேட்டுக்கொண்டிருப்பார்.

சொன்னதை எல்லாம் பின் அட்டையில் ஒட்டியிருக்கும் தாளில் பொடி எழுத்தில் எழுதிவைப்பார். செய்து பார்த்து உதவவில்லை என்று ஒருத்தர் சொன்னால் போதும், அந்தப் பக்கத்துக்கு ஆயுசு முடிந்தது. அதனால் அவர் கடையில் பழைய புத்தகம் எல்லாம் மெலிந்திருக்கும், புதிய புத்தகம் குண்டாக இருக்கும். ஜனங்களுக்கு மெலிந்த புத்தகத்தின் மேல்தான் நம்பிக்கை. "மெலிஞ்சதாப் பாத்துக் குடுங்கக்கா" என்று கேட்டு வாங்குவார்கள். எனக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பிறகு நானும் கேட்க ஆரம்பித்தேன்.

கணவன் மனைவி சண்டையில்லாமல் வாழ்வது எப்படி என்று ஒரு புத்தகம் இருந்தது. இருநூறு பக்கம். நான் பார்த்தபோது அதில் ஒரே ஒரு தாள்தான் மிச்சம். சொல்ல வேண்டியதைச் சாப்பிட்ட பிறகு சொல் என்பது அந்தத் தாளின் சாரம். பதினோரு குடும்பம் சண்டை போட்டுப் பார்த்து மிச்சம் வைத்த உண்மை அது என்று அக்கா சொன்னார். கிழமை ஜோசியப் புத்தகத்தில் அந்த ஒரு தாள்கூடத் தப்பவில்லை, அட்டை மட்டும் அலமாரியில் நின்றது. அதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, யாராவது தேடிக்கொண்டு வந்தால் காட்ட வேண்டுமே என்றார். அட்டையின் பின்னால் இருந்த அபிப்பிராயங்களைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பயாஜோக்காரி எழுந்து வந்து என்ன என்று பார்த்தாள்.

ஜப்பானுக்குப் போன பையன்கள் அங்கிருந்தே போனில் அபிப்பிராயம் அனுப்புவார்கள். இந்த மாதிரி யாரும் இங்கே பேசுவதில்லை சயாமா, அறுபத்தோராம் பக்கத்தைப் பேசினேன், ஃபாக்டரியே சிரித்தது என்று ஒருவன் அனுப்பியிருந்தான். அக்கா அந்தப் பக்கத்தை அறுத்து, அறுத்ததை போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினார். அவன் கண்ணீர் விடுகிற பொம்மை பத்து அனுப்பினான். ஊரைவிட்டுப் போன பிள்ளை சொன்ன ஒரு வார்த்தைக்கு இங்கே ஒருத்தர் மதிப்பு கொடுக்கிறார் என்றால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்.

புத்தகத்திடம் இத்தனை கறாராக இருந்த அக்கா, ஆட்களிடம் அப்படி இல்லை. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒருத்தர் முகம் சுருங்குவதை அவரால் பார்க்க முடியாது. பர்மியர்கள் இதற்கு ஆனாடெ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். சங்கோஜம் என்று தமிழில் சொன்னால் பாதிதான் வரும். எதிரில் இருப்பவருக்குச் சங்கடமாகிவிடுமே என்று நம் வாயை நாமே அடைத்துக்கொள்வது, நம் காலை அவர் மிதித்தாலும் வலிக்கவில்லை என்பது, அதெல்லாம் ஆனாடெ. நாங்கள் நாலு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம், எங்களுக்கும் இது ரத்தத்தில் ஊறிவிட்டது. அக்காவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஊறியிருந்தது.

ஓய்வுபெற்ற பர்மிய ஹெட்மாஸ்டர் ஒருவர் வருவார். லான்மடா பேட்டையில் நாங்கள் குடியிருக்கிற கட்டிடத்தில்தான் மூன்றாம் மாடி. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது அரை மணி நேரம் அபிப்பிராயம் சொல்வார். சொல்வது எல்லாம் முன்னுரையில் இருப்பது. ஒருநாள் தேனீ வளர்ப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து, தான் செய்து பார்த்ததாகவும் ஏழாம் அத்தியாயம் சுத்தத் தப்பு என்றும் சொன்னார். அக்கா கைகட்டிக் கேட்டுக்கொண்டு ஏழாம் அத்தியாயத்தை அறுத்தார். அவர் போன பிறகு நான் கேட்டேன், அந்த மனுஷர் வீட்டில் கொசுவைத் தவிர எதுவும் பறந்து நான் பார்த்ததில்லையே, தேனீ எங்கே வந்தது என்று. அக்கா குனிந்துகொண்டே சிரித்தார். "பெரியவர்மா. எப்படிக் கேக்கறது? ஆனாடெ" என்றார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அதை ஒரு தமாஷாக எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

இனிமேல் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமானது.

கரண்ட் வருவதும் போவதும் அட்டவணைப்படி என்றாகி, பிறகு அந்த அட்டவணையும் பொய்யாகிப்போன சமயம். எங்கள் வீட்டுக்காரர் சின்ன ஜெனரேட்டர் ஒன்று வாங்கினார். அக்கா கடையில் அதற்கு ஒரு புத்தகம் புதிதாக வந்திருந்தது, நான்தான் முதலில் எடுத்தேன். எடுத்துப்போய் வீட்டுக்காரரிடம் கொடுத்ததோடு சரி. அவர் படம் பார்த்து எண்ணெய் எங்கே ஊற்றுவது என்று தெரிந்துகொண்டு, மிஷினை பால்கனியில் வைத்தார். புத்தகம் ஃபிரிட்ஜ் மேல் ஒரு மாதம் கிடந்தது. நான் ஒருநாள் சும்மா புரட்டியபோது ஒரு பக்கத்தில் மண்டையோடு போட்டு, கொட்டை எழுத்தில் கவனம் என்று எழுதியிருந்தது. சரிதான், பயமுறுத்தல் என்று மூடிவைத்துவிட்டேன்.

அதே சமயம் நான் ரவிக்கை வெட்டும் புத்தகம் ஒன்றுக்கு இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். எங்களுடையது நூல், பட்டன் கடை. அக்கா கடைக்கு மூன்று கடை தள்ளி. ரவிக்கை தைக்கிற பெண்கள் எல்லாம் அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நாலே அத்தியாயமாக மெலிந்துபோன தங்கமான புத்தகம். அது திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஜெனரேட்டர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள், அதில் இரண்டு பேர் கண் ரவிக்கைப் புத்தகத்தின் மேல்தான் இருந்தது.

எந்தப் பக்கம் உதவிச்சு என்று அக்கா கேட்டார். எண்ணெய் மாற்றுகிற பக்கம் என்றேன், அது வீட்டுக்காரர் சொன்னது. உதவாதது எது என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். படிக்கவில்லை என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் குறை ஒன்றும் சொல்லாதவரிடம் அக்கா இன்னும் நாலு கேள்வி கேட்பார் என்று எனக்குத் தெரியும். மண்டையோடு போட்டிருந்த இடத்தைக் காட்டி, இந்த நாலு பக்கமும் வெறும் பயமுறுத்தல், ஒன்றுக்கும் உதவாது என்றேன்.

"செஞ்சு பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா."

அக்கா பிளேடை ஊதினார். அந்த இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்து பிளேடை வைத்தவர் ஒரு கணம் நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். அறுத்துவிட்டார். நான் ரவிக்கைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஜெனரேட்டர் புத்தகத்தை ஆறேழு பேர் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஏதோ சொல்லி அது இன்னும் மெலிந்தது. மழைக்காலம் தொடங்கியபோது அக்கா வீட்டு பேட்டரி படுத்துவிட்டது, அவரும் ஒரு மிஷின் வாங்கினார். மெலிந்த புத்தகம் கையில் இருக்கிற தைரியம். ஒரு கையில் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அவர் எண்ணெய் ஊற்றியதை எங்கள் கடையிலிருந்து நான் பார்த்தேன். முதலில் எல்லாக் கடைக்காரர்களையும் போல நடைபாதையில்தான் வைத்திருந்தார். மாடியில் படுத்த படுக்கையாக ஒரு கிழவர் இருந்தார். அவர் மருமகள் ஒருநாள் இறங்கி வந்து, சிரித்துக்கொண்டே, சத்தம் கொஞ்சம் அதிகமோ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கே அக்கா மிஷினை உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்க நடையில் வைத்துவிட்டார். மழை படாத இடத்தில், கூரைக்குக் கீழே வை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, அதற்கும் சரியாகிவிட்டது என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். நானும் நல்ல இடம் என்றேன்.

அந்த நடையை ஒட்டித்தான் தம்பி படுக்கிற அந்த ஒற்றை அறை. விடிவதற்கு முன் பஸ் எடுக்கப் போகிறவன், மத்தியானம் வந்து சாப்பிட்டுப் படுப்பான். ஒருநாள் மத்தியானம் மழை பேய்த்தனமாக அடித்தது. சாரல் வருகிறது என்று பின்கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முன்னால், தெருவைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து யாரோ சொன்ன அபிப்பிராயத்தை எழுதிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் போட்ட சத்தத்தில் நான் கத்தரிக்கோலைக் கீழே போட்டேன்.

பயாஜோக்காரியும் என் வீட்டுக்காரரும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் தலை தொங்கியது. வாயில் நுரை. மழையில் ஒரு டாக்சி நிற்கவில்லை, நான் ரோட்டின் நடுவில் போய் நின்று ஒன்றை மறித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் வேறு எதையும் கேட்பதற்கு முன்பே, மிஷின் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். இந்த மழைக்காலத்தில் இது எத்தனையாவது என்று அவருக்கே எண்ணிக்கை விட்டுப்போன மாதிரி இருந்தது அந்தக் குரல். மூக்கில் குழாய் வைத்தார்கள். நாளை வரை பார்க்கலாம் என்றார்கள். அப்புறம் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை ஈரம். அழவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார், யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லை, கணக்கு ஏன் தப்பியது என்று விளங்காத குரலில்.

"புத்தகத்துல போட்டிருந்த மாதிரிதானேம்மா வெச்சேன்."

மண்டையோடு கண் முன்னால் வந்து நின்றது. அந்த நாலு பக்கத்தில் என்ன இருந்தது என்று அப்போதும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னை உலுக்கியது. இல்லை, இதைப் பற்றி இருந்திருக்காது, ஷாக் அடிப்பது பற்றி ஏதாவது இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் பன்சோடான் தெருவின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் அந்தப் புத்தகத்தைத் தேடினேன். ஐந்தாவது கடையில் இருந்தது. ஒரு பக்கமும் போகாத குண்டுப் புத்தகம். நின்ற இடத்திலேயே பிரித்தேன். மண்டையோட்டுக்கு அடுத்த பக்கத்தில் ஒரு வீடு வரைந்திருந்தது. சாத்திய கதவு. உள்ளே ஒரு மிஷின். பக்கத்து அறையில் ஒருவன் படுத்திருக்கிறான். மழைக்குப் பயந்து வீட்டுக்குள் வைக்காதே என்று கீழே எழுதியிருந்தது. நடையில் வைக்காதே, கதவைத் திறந்து வைத்தாலும் வைக்காதே. இந்தப் புகையில் ஆளைக் கொல்லுகிற பங்குக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக எழுதியிருந்தார்கள். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

உட்கார்ந்த இடத்தில் எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அக்கா கேட்கிற கேள்விக்கு இந்தப் பக்கத்தால் பதில் சொல்லவே முடியாது. இதன்படி செய்தவன் வீட்டில் ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றும் நடக்காதவன் வந்து, இது எனக்கு உதவியது என்று எப்படிச் சொல்வான்? நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தாலும் அடுத்தவன் இதை உதவாத பக்கம் என்று சொல்லியிருக்கலாம். இப்படி யோசித்ததும் ஒரு வினாடி ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்தவன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அக்கா அதே பெஞ்சில், அதே துணியில். தம்பி இன்னும் கண் திறக்கவில்லை. நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கவில்லை, செய்து பார்க்கவில்லை, ரவிக்கைப் புத்தகத்துக்காக வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"தெரியும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த ரெண்டு தாளும் விளிம்பு வெட்டாம, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. பிரஸ்லயே அப்படி வந்திருக்கு. பிளேடு வெக்கறப்பதான் பாத்தேன். உள்பக்கத்த யாருமே தொறந்திருக்க முடியாது."

பிளேடு நின்ற அந்த ஒரு கணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"தெரிஞ்சும் ஏன்க்கா வெட்டினீங்க?"

"பின்னால அத்தனை பேர் நின்னாங்க. படிக்காமலே சொல்றீங்களேன்னு எப்படிம்மா கேக்கறது? ஆனாடெ." தன் உள்ளங்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார். "நானாவது பிரிச்சுப் படிச்சிருக்கலாம். அப்படியே மடிச்சுக் குடுத்துட்டேன், வடைக்கு."

என்னை ஏன் காப்பாற்றினாய் என்று ஒருத்தரைப் பார்த்துக் கத்த வேண்டும் போல் இருந்தது எனக்கு வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஐந்து பேர் முன்னால் நான் கொஞ்சம் அசடு வழிந்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? இரண்டு நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே போயிருப்பேன். அவ்வளவுக்காக ஒரு ஆள் உள்ளே குழாய் வைத்துக்கொண்டு கிடக்கிறான்.

அக்கா அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். பர்மிய எழுத்து கண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. அக்கா கடைசி வரி வரை அசையாமல் கேட்டார். முடித்ததும், "நல்ல பக்கம்" என்று மட்டும் சொன்னார்.

பத்து மணி வாக்கில் நர்ஸ் வந்து கூப்பிட்டாள். தம்பி கண் திறந்துவிட்டான். அக்கா எழுந்து ஓடிய வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு பெஞ்சடியிலேயே கிடந்தது. நானும் பின்னால் போனேன். அவன் முகம் வெளுத்து, உதடு வெடித்து, பார்வை எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. அக்காவை அடையாளம் தெரிந்தது. என்னையும் தெரிந்தது. டாக்டர் விரலை நீட்டி எத்தனை என்று கேட்க, சரியாகச் சொன்னான். அக்கா அவன் காலைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக, சத்தமில்லாமல் அழுதார்.

என்ன நடந்தது என்று அவன் கேட்டான். மிஷின் புகை என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்று அவனுக்கும் சேர்த்து ஒரு தடவை திட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவன் அதை யோசித்துக்கொண்டே கிடந்தான். யோசிப்பது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது, நெற்றி சுருங்கிச் சுருங்கி விரிந்தது.

"ஏன்க்கா, நீ அந்தப் புத்தகத்தப் பாத்துதானே வெச்ச? அதுல இதப் பத்தி ஒண்ணும் போடலையா?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. போர்வையை அவன் பாதத்துக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார். "போடலடா. மட்டமான புத்தகம். நான்தான் தெரியாம நம்பிட்டேன்."

எனக்குத் தெரிந்து அவர் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவன் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். சந்தேகப்பட்டுப் பார்த்த மாதிரி இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் பார்த்தான்.

"நூல்கடைக்கா, நீங்களும் அந்தப் புத்தகம் எடுத்தீங்கல்ல? படிச்சீங்களா?"

என் தோளில் பை தொங்கியது. அதற்குள் அந்தக் குண்டுப் புத்தகம் இருந்தது. அக்கா அப்போதும் போர்வையைத்தான் சரிசெய்துகொண்டிருந்தார்.

"படிச்சேன் தம்பி" என்றேன். "அதுல போடல."